கம்மல் பார்க்க வந்தவள்

பெர்மாஸ் ஜெயா கலைவிழாவில், தான் கோத்த மணிக் கம்மல்களைப் பரப்பிவைத்திருந்த ரூபினிக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையிலிருந்து கணவன் தீபனும் அவளும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த ஒரே அக்காவும் வாங்குகிற வழியாக இல்லை.

“இதே நீலத்துல இன்னும் பெரிசா இருக்காம்மா?”

“இதான் இருக்குக்கா.”

“நீயே கோத்ததா? அலமாக், என்னா அழகு!”

ஊருக்கே கேட்கும்படி வியந்தாள். காதில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி கேட்டாள். மறுபடி முதல் கம்மலுக்கே வந்தாள்.

அதற்குள் அவளைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். இரண்டு ஜோடி விற்றும்விட்டது. அவளோ நகர்வதாக இல்லை. ரூபினிக்குப் பொறுமை போய்விட்டது.

“எடுக்குறதுன்னா எடுங்கக்கா. மத்தவங்களும் பாக்கணும்லா!”

அக்கா சிரித்துக்கொண்டே கம்மலைக் கீழே வைத்தாள்.

“எனக்கு வேணாம்மா. பின்வரிசையில துணிப்பை தச்சு விக்கிறேன். ஆளில்லாத கடைய யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. உனக்குத்தான் கூட்டம் சேந்துருச்சே, இப்ப என் கடையில வந்து கொஞ்சம் நில்லேன்.”

கடையைத் தீபனிடம் விட்டுவிட்டு ஓடினாள் ரூபினி. ஆளில்லாத அந்தக் கடையின் முன் ஒரு பையை உயரத் தூக்கிப் பிடித்து, தொண்டை கிழியக் கேட்டாள்:

“இதே நீலத்துல இன்னும் பெரிசா இருக்காக்கா?”