கவரில் என்ன இருக்கு?

ஐடி கார்டை மறந்துவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்த ஜோவிதா, கேட் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

வீட்டுக்கார அம்மா செங்கமலம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சற்று முன் ஜோவிதா தொட்டியில் போட்டுவிட்டுப் போன குப்பைக் கவர் அவள் முன்னால் கிடந்தது. முடிச்சை அவிழ்த்து, ஒரு குச்சியால் உள்ளே கிளறிக்கொண்டிருந்தாள்.

கார்டாவது ஒன்றாவது! செக்யூரிட்டியிடம் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை என்று, வந்த வழியே நடந்துவிட்டாள் ஜோவிதா.

கம்பெனி பஸ்ஸில் ஷாரோனிடம் சொன்னாள். இருவருக்கும் ஒரகடம் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை.

"அவங்க சைவமாச்சே? மீன் முள்ளு கெடக்குதான்னு பாக்கறாங்க" என்றாள் ஷாரோன். "படப்பைல என்னை இப்படித்தான் காலி பண்ண வெச்சாங்க. மூஞ்சிக்கு நேரா சொல்ல மாட்டாங்க. திடீர்னு ஒருநாள், 'சொந்தக்காரங்க வராங்க, வூடு வேணும்'பாங்க."

ஜோவிதாவுக்குச் சுருக்கென்றது.

தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரி அவள். மண்ணூரில் தனியாக ரூம் எடுத்த புதிதில் ஆசையாகக் காய் வாங்கினாள். ஒற்றை ஆளுக்கு எவ்வளவு குறைத்து வாங்கினாலும் பாதி அழுகியது. ஷிப்ட் முடிந்து வந்தால் அடுப்பைப் பற்றவைக்கத் தெம்பும் இருக்காது. பிரெட், நூடுல்ஸ், பிஸ்கட் என்று வண்டி ஓடியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்த பிறகு, இனி ஒழுங்காகச் சமைத்துச் சாப்பிடுவது என்று அந்த வாரம்தான் முடிவெடுத்திருந்தாள்.

சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் மீன்காரம்மா கூப்பிட்டாள்.

"நெத்திலி பார்மா, இப்பதான் வந்துச்சு."

கை பர்ஸுக்குப் போனது. செங்கமலத்தின் குச்சி ஞாபகம் வந்தது. பேசாமல் கடைக்குப் போய் ஒரு பிரெட் பாக்கெட் வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அன்றிலிருந்து குப்பையை ஹேண்ட்பேக்கிலேயே எடுத்துப் போய், பஸ் ஸ்டாப் தொட்டியில் போட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி ரூம் கதவு தட்டப்பட்டது. செங்கமலம்.

"இன்னாம்மா, இப்பல்லாம் குப்பையே போடறதில்ல நீ?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது ஜோவிதாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏங்க்கா, கிண்டிப் பாக்க ஒண்ணும் கிடைக்கலியோ? நீங்க எங் கவரை அவுத்தத என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். மீன் முள்ளுதான தேடுனிய? பயப்படாதிய. உங்களுக்குப் பயந்துகிட்டு நான் மீனே வாங்கல. மாசக் கடைசில ரூமைக் காலி பண்ணிக்கிடுதேன். போதுமா?"

செங்கமலம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் மீனு தொட மாட்டேன்தான். அதுக்காக உன்னைத் துன்னாதேன்னு சொல்லுவனா?" என்றாள். "ஒரு முள்ளு, ஒரு முட்டை ஓடு, வெங்காயத் தோலு... எதுனா ஒண்ணு கண்ணுல படாதான்னுதான் கிளறினேன். வெறும் பிஸ்கட் பேப்பரும் நூடுல்ஸ் பேப்பரும்தான் கீது. அதுவும் நின்னு போச்சு. மனசு கேக்கல, மேல வந்துட்டேன்."

ஜோவிதாவுக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அதுக்கு ஏங்க்கா குப்பைய கிளறணும்? சாப்ட்டியான்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதாதா?"

செங்கமலம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உனக்கு முன்னாடி இந்த ரூம்ல ஒரு பொண்ணு இருந்துச்சு. அதைத் தெனம் கேட்டேம்மா. 'சாப்ட்டேன் அக்கா'ன்னு சிரிச்சுக்கினே சொல்லும். மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடி, திரும்பி வராமலே போச்சே... அன்னிக்குக் காலைலகூட அப்படித்தான் சொல்லிச்சு."