முந்நூற்று இருபது கிராம்

உருளையைத் தராசில் வைத்தார்கள். முந்நூற்று இருபது கிராம் குறைந்தது.

ஜப்பான் அதிகாரி என் தாளைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், பிறகு நாகையாவைப் பார்த்தான்.

கிள்ளானில் ஜப்பான் ராணுவ லோரிகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. வெல்டிங்குக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தொட்டியிலிருந்து பம்பு வைத்து உருளைக்குள் ஏற்றுவது நாகையாவின் வேலை. தொட்டியில் எத்தனை லிட்டர், அது எத்தனை கிராம் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. சண்டைக்கு முன் நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். கிரிகரி மாஸ்டர் என்றால் கிள்ளானில் தெரியாதவர் கிடையாது.

கணக்கு சுலபம். ஒரு மோல் வாயு இருபத்திரண்டு புள்ளி நான்கு லிட்டர். ஆக்சிஜன் என்றால் அது முப்பத்திரண்டு கிராம். தொட்டியில் இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது லிட்டர் இருந்தது. மூவாயிரத்து இருநூறு கிராம் என்று எழுதியிருந்தேன்.

காலி உருளையின் எடையைக் கழித்தால் தராசு இரண்டாயிரத்து எண்ணூற்றெண்பது என்றது.

குழாய் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள். ஒரு குமிழ்கூட வரவில்லை. அப்படியானால் திருட்டுதான். வாசலில் லோரி நின்றது. அதில் ஏற்றப்பட்டவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை.

“மாஸ்டர், நீங்க சொல்லுங்க. உங்க கணக்கு தப்பாது, எனக்குத் தெரியும். டியூப்புதான் எங்கயோ ஒழுகுது, அதச் சொல்லுங்க” என்றார் நாகையா.

தகரக் கூரைக்குக் கீழே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இருபத்திரண்டு புள்ளி நான்கு என்பது பூஜ்யம் டிகிரிக் குளிரில். புத்தகத்திலேயே போட்டிருக்கும். கிள்ளானில் எவன் அந்தக் குளிரைக் கண்டான்? வெள்ளைக்காரன் பரீட்சையில் அதைத்தான் கேட்டான், நானும் பன்னிரண்டு வருஷம் பிள்ளைகளை அதையே எழுத வைத்தேன்.

முப்பது டிகிரிச் சூட்டில் ஒரு மோல் இருபத்து நான்கு புள்ளி ஒன்பது லிட்டராக விரிந்துவிடும். மனத்துக்குள் வகுத்துப் பெருக்கினேன். ஒன்றிரண்டு கிராம் முன்னே பின்னே, இரண்டாயிரத்து எண்ணூற்றெண்பது.

எதுவும் திருடுபோகவில்லை.

அதிகாரி தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினான். கணக்கு சரிதானா என்று அரைகுறை மலாயில் கேட்டான்.

தப்பு என்றால் அதற்குப் பெயர் நாசவேலை. அதற்கும் அதே லோரிதான். வீட்டில் என் மனைவி மகதலேனாவுக்கு இது ஒன்பதாம் மாதம்.

சரி என்றேன்.

நாகையா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த டியூப்பை மாற்றச் சொல்லுங்கள் மாஸ்டர், அடுத்து வருகிறவனும் மாட்டிக்கொள்வான் என்று சொல்லிவிட்டு லோரியில் ஏறினார். படுபாவி நான், தலையை ஆட்டினேன்.

அடுத்த வாரம் புது ஆள் வாயு ஏற்றினான். இந்தத் தடவை இருபத்து நான்கு புள்ளி ஒன்பதால் வகுத்து எழுதினேன். தராசில் ஒரு கிராம் குறையவில்லை.

அதிகாரி என் தோளில் தட்டினான். பார்த்தாயா, திருடன் போனதும் எடை சரியாகிவிட்டது என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன்.