பூஜ்யம் போட்டுப் பிடித்த இடம்

ஒரே ஒரு கணினிக்குள்ளே மெமரி அக்காவும் டிஸ்க் அண்ணனும் அடுத்தடுத்த வீட்டில் இருந்தார்களாம். அக்கா வீட்டில் ஒரே நெரிசல். இன்னும் ஒரு வேலை உள்ளே வந்தால், பாதி எழுதிச் சேமிக்காமல் விட்ட கடிதத்தை வெளியே தள்ளி அழித்துவிட வேண்டியதுதான்.

"அண்ணே, உங்க சுவரைத் தள்ளிக் கட்டி எனக்கு இடம் தாங்க."

"சுவரை இடிச்சா என்கிட்ட இருக்கிற போட்டோவெல்லாம் போயிடும். பொறும்மா, கூடத்திலேயே இடம் பண்றேன்" என்ற டிஸ்க் அண்ணன், பெரிய ஃபைல் ஒன்றை விரித்து, அது முழுக்கப் பூஜ்யங்களை உட்கார வைத்தார்.

அக்கா எட்டிப் பார்த்துத் திகைத்தாள். "காலி இடம் கேட்டா, நிரப்பி வச்சிருக்கீங்களே?"

"பஸ்ஸில துண்டு போட்டு சீட் பிடிக்கிறதில்லையா? அப்படித்தான்."

"அப்போ யாரோ வரப்போறாங்க. நாங்க எப்படி உட்கார்றது?"

"நீதாம்மா அந்த யாரோ!"

"நானா? நான் துண்டே போடலையே!"

அதற்குள் அடுத்த வேலை வந்து கதவைத் தட்டியது. அக்கா ஒன்றும் புரியாமல் நின்றாள்.

கடிதம் எழுந்துகொண்டது. "நீ யோசிச்சுக்கிட்டே இரு, அக்கா. எழுதினவர் தேடினா என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, பூஜ்யங்களை விலக்கிக்கொண்டு ஃபைலுக்குள் நடந்து போனது.