குற்றவாளி என்று வைத்துக்கொள்வோம்

பாட்டில் மூடி ஒரே திருகில் திறந்துகொண்டது. மாப்பிள்ளைக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் சகுனம் பார்ப்பது விதிமீறல் என்பதால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

மேசையில் இன்னும் பத்தொன்பது பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் அவருடைய மாமனாரின் படம், மீசையோடு. மாமனார் வைத்தியர். மூன்று இடத்தில் ஈயம் வைத்து ஒட்டிய அண்டாவில் அவர் கிண்டும் லேகியத்தில் காரீயம் இருக்கிறது என்று யாரோ எழுதிப் போட்ட புகார், எங்கெங்கோ சுற்றி, மாப்பிள்ளை புள்ளிவிவரக் கணக்குப் போடும் கூடத்துக்கே வந்து சேர்ந்திருந்தது.

"உங்க மாமனார் சரக்குன்னு எனக்குத் தெரியும்," என்றார் மேலதிகாரி அம்மாள். "அதனாலதான் பாட்டிலை அவர்கிட்ட கேக்கல. போட்டோவுக்குத் தலை சீவிக்கிற மாதிரி, நல்லதாப் பார்த்துப் பொறுக்கிக் குடுப்பார். இருபது கடையைச் சீட்டுக் குலுக்கி எடுத்து, கடைக்கு ஒண்ணா நானே வாங்கினேன். எல்லாக் கடையிலயும் அடுக்கி வெச்சிருக்காங்க."

"சரி மேடம். காரீயம் சராசரியா பத்து பி.பி.எம்.ங்கற சட்ட வரம்புக்குள்ள இருக்குன்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கலாமா? தப்புன்னா கணக்கே சொல்லிடும்."

"அது மத்தவங்க மாமனாருக்கு. உங்க மாமனாரைக் குற்றவாளின்னு வெச்சுக்கிட்டு ஆரம்பிங்க. சராசரி பத்து, இல்லேன்னா அதுக்கும் மேல. இல்லவே இல்லன்னு நிரூபிக்கறது உங்க பாடு."

மாமனாரைக் குற்றவாளி என்று வைத்துக்கொள்வதில் மாப்பிள்ளைக்குச் சிரமமில்லை. மூன்று வருடமாக வீட்டோடு மாப்பிள்ளையாக இருப்பவருக்கு அது பழகிய கருதுகோள்தான்.

சிரமம் வயிற்றில் இருந்தது. கல்யாணமான மறுநாளிலிருந்து தினமும் நெல்லிக்காய் அளவு லேகியம் அவருக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆறு மாதமாகக் கடைகளிலிருந்து ஆர்டர் வராமல் சரக்கு வீட்டிலேயே தேங்கிவிட, "உடம்புக்கு நல்லது மாப்ளே" என்று மாமனார் அதைக் காலை, மாலை என இரண்டு வேளையாக்கியிருந்தார். அவருக்கும் மகளுக்கும் லேகியம் ஒத்துக்கொள்ளாதாம்.

கொஞ்ச நாளாக அடிவயிற்றில் ஒரு பிடிப்பு. சாவி வைத்த இடம் மறக்கிறது. மனைவியின் பிறந்தநாளும் மறந்தது, ஆனால் அதை லேகியத்தின் தலையில் கட்டக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டாள். காரீயம் உடம்பில் சேர்ந்தால் என்னென்ன ஆகும் என்ற பட்டியலைப் படித்தபோது, சொந்த டைரியைப் படிப்பது போலிருந்தது.

சராசரி பத்தைத் தாண்டினால் மாமனாரின் தொழிலுக்குப் பூட்டு. தன் குடலுக்கு என்ன என்பதுதான் மாப்பிள்ளையின் கவலை.

மூன்றாம் நாள் மாலை எண்கள் வந்தன. அம்மாள் பின்னால் நின்று பார்க்க, மாப்பிள்ளை கணக்கைப் போட்டார். இருபது பாட்டிலின் சராசரி ஒன்று புள்ளி நாலு. எல்லா பாட்டிலும் வரிசை கலையாத பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி அதையொட்டியே நின்றன. குற்றவாளி இல்லை என்று விடுவிக்க, கணக்கின் கடைசி எண் மைனஸ் ஒன்றே முக்காலுக்குக் கீழே இறங்கினால் போதும். இது மைனஸ் அறுபத்து நாலில் போய் உட்கார்ந்திருந்தது.

"இவ்வளவு பெரிய நிரபராதியை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல," என்றார் அம்மாள், கொஞ்சம் ஏமாற்றத்தோடு கையெழுத்துப் போட்டபடி.

மாப்பிள்ளையின் வயிற்றுப் பிடிப்பு பஸ்ஸிலேயே இறங்கிப் போய்விட்டது. வீட்டுக்குள் நுழைந்ததும் அறிக்கையின் நகலை மாமனார் கையில் கொடுத்துவிட்டு, நேரே போய் ஒரு புது லேகிய பாட்டிலை எடுத்துவந்தார்.

மூடி வழக்கம்போல அசையவில்லை. மாமனார் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடுவதில் பாகு இறுகி, மூடியும் பாட்டிலும் ஒரே உடம்பாகிவிடும். இதற்கென்றே அந்த வீட்டில் ஒரு குறடு இருந்தது. மனைவி பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொள்ள, அவர் குறடு போட்டுத் திருக, மூடி ஒரு முனகலோடு வந்தது. இன்று நெல்லிக்காய் இல்லை. எலுமிச்சை அளவு.

"என்னங்க, நீங்களாவே எடுத்துச் சாப்பிடறீங்க?"

"இதுவரைக்கும் உங்கப்பாவுக்குப் பயந்து சாப்பிட்டேன். இப்போ அறிவியலை நம்பிச் சாப்பிடறேன்," என்று வாய் நிறைய அடைத்துக்கொண்டார்.

மாமனார் அறிக்கையை ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுமுறை வாசித்தார். சந்தோஷப்பட வேண்டியவர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு புள்ளி நாலா?"

"பத்துக்குள்ள இருந்தாலே போதும் மாமா. நீங்க எங்கயோ போயிட்டீங்க."

"அது சரி. பாட்டிலை எந்தக் குறடு போட்டுத் திறந்தீங்க?"

"குறடு எதுக்கு? ஒரே திருகு. அல்வா மாதிரி வந்துருச்சு."

"இருபதுமா?"

"இருபதும்."

மாமனார் அறிக்கையை நான்காக மடித்தார். எலுமிச்சை அளவு லேகியம் மாப்பிள்ளையின் தொண்டையில் பாதி தூரம் இறங்கியிருந்தது.

"அப்ப கடையில இருக்கறது பூரா போலி. அசலைச் சாப்பிடறது நீங்க ஒருத்தர்தான், மாப்ளே."