துக்கம் சொல்லும் வகுப்பு

கல்வெட்டு புகார் எழுதிப் போட்டுப் பத்து மாதம் கழித்துத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள்.

கல்வெட்டு என்பது பஸ் டிப்போவில் வைத்த பெயர். முப்பது வருஷம் டிரைவராக இருந்தார். அவர் மனதில் ஒன்று பதிந்தால் அழியவே அழியாது.

புகார் இதுதான். அவர் மனைவி இறந்த அன்று, மேற்படிப்புப் படிக்கும் பெண் டாக்டர் ஒருத்தி வெளியே வந்தாள். "அம்மா போயிட்டாங்க" என்றாள். அடுத்த மூச்சில் உள்ளே போய்விட்டாள். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனம், இரண்டே வார்த்தையில் முடிந்தது.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம். பயிற்சி முடிக்கப்போகும் டாக்டர் மேல் இப்படிப் புகார் இருந்தால், புகார்காரரை வகுப்புக்கே அழைத்துப் பேசச் சொல்வார்கள். துக்கச் செய்தியை எப்படிச் சொல்லக் கூடாது என்று மற்ற டாக்டர்களும் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கடைசியில் அவர் 'திருப்தி' என்று கையெழுத்துப் போட்டால்தான் அந்த டாக்டருக்குச் சான்றிதழ். இல்லையென்றால் இன்னும் ஆறு மாதம் பயிற்சி.

போடுவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டுதான் கிளம்பினார் கல்வெட்டு.

வகுப்பில் முப்பது வெள்ளைக் கோட்டு. முதல் வரிசையில் அவளும் இருந்தாள், குனிந்த தலையோடு.

பெரிய டாக்டர் மரியாதையாக நாற்காலி போட்டுப் பேசச் சொன்னார்.

"பஸ்ஸுல ஒரு ஆடு அடிபட்டாக்கூட, நான் இறங்கி ஆட்டுக்காரன் பக்கத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் வண்டியை எடுப்பேன். இந்தப் பொண்ணுக்கு என் பக்கத்துல நிக்க நேரமில்லை."

பின்வரிசையில் யாரோ சிரிக்கப் போய் அடக்கிக்கொண்டார்கள்.

அவள் என்ன செய்திருக்க வேண்டும் என்று பெரிய டாக்டர் கேட்டார். உட்கார வைத்திருக்க வேண்டும், துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும், அழுது முடிக்கும்வரை கூடவே இருந்திருக்க வேண்டும் என்று கல்வெட்டு அடுக்கினார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பத்து மாதப் பாரம் இறங்கியது போல இருந்தது.

அடுத்து அவள் முறை. தூக்கமில்லை, வேலை அதிகம் என்பாள். அதற்கெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தார்.

அவள் எழுந்தாள். "ஐயா சொன்னதெல்லாம் நிஜம் சார். அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணும் பண்ணியிருக்கேன். அது புகார்ல இல்லை."

அவர் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்குக் காலையில அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. 'வெளியூர்ல எம் பொண்ணு எட்டு மாசக் கர்ப்பமா இருக்கா. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவகிட்ட எங்க வீட்டுக்காரரைப் பக்குவமா சொல்லச் சொல்லும்மா. அவருக்கு அது தானா வராது'ன்னாங்க. அதையும் சொல்லத்தான் வெளிய வந்தேன். உங்க முகத்தைப் பார்த்ததும் மீதியைச் சொல்ல வரலை. ஓடிட்டேன். பத்து மாசமா அது ஒண்ணுதான் மனசுல ஓடுது. உங்க பொண்ணுகிட்ட பக்குவமா சொன்னீங்களா ஐயா?"

கல்வெட்டு மேஜை மேல் இருந்த தாளை இழுத்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டார்.

"திருப்திதானே ஐயா?" என்றார் பெரிய டாக்டர்.

கல்வெட்டு அவளிடம்தான் பேசினார்.

"போன் போட்டேன். 'உங்கம்மா போயிட்டா'ன்னேன். வெச்சுட்டேன். ஒன்பது தடவை திருப்பிக் கூப்பிட்டா. நான் எடுக்கலை."

தாளை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அவ இன்னிவரைக்கும் யார்கிட்டயும் புகார் சொல்லலைம்மா."