மாடிக்குக் கான்கிரீட்

தொண்ணூற்றேழில், ஐப்பசி மழைக்குள் மாடிக்குக் கான்கிரீட் போட நஞ்சுண்டனுக்கு ஒரு கொத்தனாரும் சிக்கவில்லை. காரைத் தெருமுனையில் விட்டுவிட்டு, பழத்தட்டோடு கொத்தனார் அங்கப்பன் வீட்டுக்கு அவரே நடந்து போனார்.

அங்கப்பன் இல்லை. மனைவி பழனியாத்தாள் டீ கொடுத்தாள்.

"அவரு சமுதாயக்கூட வேலைக்குப் போயிட்டாருங்க. பள்ளிக்கூடம், தண்ணித்தொட்டின்னு எங்க பார்த்தாலும் கவர்மெண்டு வேலைதானுங்க. மார்ச்சுக்குள்ள முடிக்கலீன்னா பணம் திரும்பிப் போயிருமாம்."

"கட்டுன கம்பியெல்லாம் துருப்பிடிக்குதுங்க அம்மணி."

பழனியாத்தாள் பாவப்பட்டாள். "எம்.எல்.ஏ.வைப் போய்ப் பாருங்க. இத்தனை வேலையும் கொண்டாந்தது அவருதானாம். நாங்க நேர்ல பார்த்ததில்லீங்க. அவரு சொன்னா ரெண்டு ஆளு கிடைக்குமுங்க."

நஞ்சுண்டன் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"அவருக்கே ஆள் சிக்கலீங்க அம்மணி," என்றார் எம்.எல்.ஏ. நஞ்சுண்டன்.