சத்தமாச் சொல்லு

"உன் யூரினைப் போதை மருந்து டெஸ்டுக்கு அனுப்பணுமாம். சம்மதமா, இல்லையா?"

நர்ஸ் விட்லோவின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது.

கதவோரக் கட்டிலில், முந்தின நாள் பிறந்த மகளை அணைத்துக்கொண்டிருந்த கென்ட்ராவுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றி நின்ற கூட்டம் சட்டென்று பேச்சை நிறுத்தியது.

அது ட்விலாவின் கூட்டம். அவளுக்கும் முந்தின நாள்தான் பிரசவம், ஆண் குழந்தை. கணவன், மாமியார், நாத்தனார்கள், சர்ச் ஆட்கள், பலூன்கள், வறுத்த கோழி, வாழைப்பழப் புட்டிங். கென்ட்ராவைப் பார்க்க இதுவரை ஒருவரும் வரவில்லை. கணவனுக்கு ஒஹாயோ ஆற்றில் நிலக்கரிப் படகு வேலை. அவன் கரை ஏற இன்னும் இரண்டு வாரம் ஆகும்.

"கொஞ்சம் மெதுவாப் பேசக் கூடாதா?" தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள் கென்ட்ரா.

"என் குரலே இதுதான். சம்மதமா, இல்லையா?"

"நான் அந்த மாதிரிப் பொண்ணு இல்ல..."

"அதை நான் கேட்கல. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"இல்ல."

"காதுல விழல. சத்தமாச் சொல்லு."

"சம்மதம் இல்ல! போதுமா?"

"போதும்." விட்லோ ஜன்னலோரக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "உங்க எல்லாருக்கும் கேட்டுச்சா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

"மடியில கனம் இல்லேன்னா வழியில என்ன பயம்?" என்றாள் ட்விலாவின் மாமியார், யாரிடமும் சொல்லாதது போல. பிறகு இரண்டு கட்டிலுக்கும் நடுவே இருந்த திரையை இழுத்து மூடினாள். "அந்தப் பக்கம் பார்க்காதே ட்விலா. பால் வத்திடும்."

திரைக்குப் பின்னால் சிரிப்பு கேட்டது.

கென்ட்ரா கணவனைப் போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். தொடர்பு கிடைக்கவில்லை. குழந்தை விழித்துவிடாமல் சத்தமின்றி அழுதாள்.

சற்று நேரத்தில் ட்விலாவைக் கவனிக்கும் நர்ஸ் டாட்டி வந்தாள். திரை மறைத்தாலும் பேச்சு கேட்டது.

"என் தங்கமே, தூங்கினியா? புட்டிங் வாசனை படி இறங்கி வந்து என்னைக் கூப்பிடுது!"

"உனக்குன்னு ஒரு கிண்ணம் எடுத்து வச்சிருக்கோம்" என்றாள் மாமியார்.

"ஒண்ணுமில்ல கண்ணு, பாத்ரூம் போறப்போ இந்தக் கப்புல கொஞ்சம் பிடிச்சு வச்சிடு. வழக்கமாப் பார்க்கிறதுதான்."

"சரி" என்றாள் ட்விலா.

டாட்டி வெளியே வந்தபோது கென்ட்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் நீங்களே வர முடியாதா? அவங்க வேண்டாம்."

"விட்லோ எப்பவுமே முரடுதான் கண்ணு. மனசுல வச்சுக்காதே. நாளைக்கு நானே கேட்டுப் பார்க்கிறேன்." போர்வையை இழுத்துவிட்டுப் போனாள். அந்த ஊருக்கு வந்த பிறகு கென்ட்ராவை யாரும் அப்படிக் 'கண்ணு' என்று கூப்பிட்டதில்லை.

மறுநாள் பிற்பகல், குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள்.

மாமியார் திரையை விலக்கி, கென்ட்ராவை நோக்கி முகவாயை நீட்டினாள். "நீங்க தேடுறவ அதோ."

கென்ட்ரா மகளை இறுக்கிக்கொண்டாள்.

அந்தப் பெண் அவளைத் தாண்டிப் போனாள். "ட்விலா யாரு?"

"நான்தான்..."

"உங்க யூரின்ல போதை மருந்து இருக்கு. விசாரணை முடியற வரைக்கும் குழந்தை உங்ககூட வீட்டுக்கு வராது."

"எந்த டெஸ்ட்? என்கிட்ட யாரும் எதுவும் கேட்கலையே! நான் சிகரெட்கூடத் தொட்டதில்ல. பிரசவத்தப்போ இவங்கதான் முதுகுல வலி ஊசி போட்டாங்க!"

"அதையெல்லாம் விசாரணையில சொல்லுங்க."

தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

ட்விலாவின் கணவன் வக்கீலைத் தேடி ஓடினான். சர்ச் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பிறகு நாத்தனார்கள். மாமியார் கோழிப் பாத்திரத்தைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு, மருமகளின் முகத்தைப் பார்க்காமல் வெளியேறினாள்.

மிச்சம் இருந்தவை பலூன்கள்தான்.

கென்ட்ரா எழுந்து, நாற்காலியை ட்விலாவின் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ட்விலா கை நீட்டி, கென்ட்ராவின் மடியில் தூங்கிய குழந்தையின் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்தாள்.

மாலையில் காய்ச்சல் பார்க்க விட்லோ வந்தாள்.

"எனக்கும் அதே ஊசிதானே போட்டாங்க?" என்றாள் கென்ட்ரா.

"இங்கே பெத்த முக்கால்வாசிப் பேருக்கு அதே ஊசிதான். அதுல இருக்கிற மருந்தே டெஸ்டுல போதை மருந்துன்னு காட்டும். எல்லார் கப்பும் அதே டெஸ்டுக்குத்தான் போகுது. கேட்டுட்டு அனுப்பணும்னு விதி. யாரும் கேட்கிறதில்ல. நீ வேண்டாம்னது இத்தனை பேர் காதுல விழுந்த பிறகு, உன் கப்பை எவளும் தொட முடியாது."

கென்ட்ரா நிமிர்ந்தாள். "அதை என்கிட்ட மெதுவாக் கேட்டிருக்கலாமே?"

விட்லோவின் குரல் முதன்முறையாகத் தாழ்ந்தது.

"மெதுவாக் கேட்டா எல்லாரும் 'சரி'ன்னு சொல்லிடறீங்கம்மா. கோவம் வந்தாத்தான் 'வேண்டாம்'ங்கறீங்க."